சின்ன மாமியின் நாடி மச்சம்

மரண அறிவித்தலுக்குக் கீழே நீங்கள் எழுதியவற்றையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்தேன். சின்ன மாமியின் அந்த நாடி மச்சத்தை மறக்கவே முடியாது என்று ஒருவர். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடிய ஞாபகம் என்று இன்னொருவர். அந்த மச்சம்தான் மாமிக்கு அழகு என்று லண்டனிலிருந்து ஒரு கண்ணீர்த் துளியும் பூங்கொத்தும்.

சின்ன மாமியின் நாடியில், உதட்டுக்குக் கீழே, மச்சம் எதுவும் கிடையாது. அறிவித்தலில் நீங்கள் போட்டிருப்பது சின்ன மாமியின் முகமும் கிடையாது.

நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் போய்விட்டது, பல் போய்விட்டது. ஞாபகம் மட்டும் ஏன் உங்களுக்கு வளர்ந்துகொண்டே போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. கண்டியை விட்டுப் போகாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குப் புதிதாக ஞாபகங்கள் முளைக்கவில்லை. பழையவைதான் இருக்கின்றன. கேளுங்கள்.

பேராதனையில் பெரியப்பா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பெரியப்பாவின் பிள்ளைகளும் நாங்களுமாக நாம் எல்லோரும் ஒன்றாக இருந்த காலம். பின்னேரமானால் பூந்தோட்டத்துப் பக்கமிருந்து வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கூரைக்கு மேலால் போகும். மழை தொடங்கினால் உடுப்பு காயாது. கொடியில் தொங்கிய உடுப்பையே ஈரத்தோடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். முதுகில் பூஞ்சண மணம் வரும். பெரியப்பா கந்தோரிலிருந்து வந்ததும் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி வைத்து அடுப்படியில் காயவைப்பார். தோலும் சாம்பாரும் கலந்த அந்த மணம் இப்போதும் எங்காவது வந்தால் நான் அந்த அடுப்படிக்கே போய்விடுவேன்.

அந்த வருடம் மழைக்கு முந்தி, பெரியப்பாவின் கடைசித் தங்கச்சி, அதாவது நம் சின்ன மாமி, வீட்டை விட்டுப் போய்விட்டா. நாவலப்பிட்டியில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த மனிதரோடு. அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். நம் வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பெயர் தோட்டக்காட்டான். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா வெற்றிலை துப்புவதுபோலத் துப்புவார். அவர் வெற்றிலை போடுவதே இல்லை.

சின்ன மாமியின் படங்களை எல்லாம் பெரியம்மா அடுப்பில் போட்டா. பாவாடை தாவணியில், பள்ளிக்கூட வெள்ளையில், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால். ஒவ்வொன்றும் சுருண்டு எரிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்களும்தான் நின்றீர்கள்.

இந்த நேரத்தில் சின்ன மாமியின் அக்கா, நம் பெரிய மாமிக்குச் சம்பந்தம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெரிய இடம், மாப்பிள்ளை என்ஜினியர். எல்லாம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாய் ஒன்றே ஒன்று கேட்டிருந்தா. முழுக் குடும்பமும் நிற்கிற படம் ஒன்று வேண்டும். படத்தைப் பார்த்தால் குடும்பத்தைப் பார்த்த மாதிரி என்று அந்த மனுசிக்கு நம்பிக்கை.

பெரியப்பா விறாந்தையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்தினார். பெண்ணுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று தரகர் ஏற்கெனவே சொல்லியாயிற்று. படத்தில் தங்கச்சி இல்லாவிட்டால் எங்கே என்று கேட்பார்கள்.

"கொழும்பில படிக்கிறாள் எண்டு சொல்லுவம்" என்றார் என் அப்பா.

"படிக்கிறவள் ஒரு படத்துக்கு வரமாட்டாளோ?"

"அப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

பெரியப்பா நின்றார். அடுப்படி வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை அது. சின்ன மாமியின் உயரம், சின்ன மாமியின் மெலிவு.

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "அது பிழையில்லையோ, அண்ணை? படம் முழுசா இருந்தாப் போதுமோ? சரியா இருக்க வேணாமோ?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா தன் வாழ்க்கையில் பெரியப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தரம்தான்.

"படத்தில ஆள் குறைஞ்சால் ஆயிரம் கேள்வி வரும்" என்றார் பெரியப்பா. "ஆள் மாறினால் ஒரு கேள்வியும் வராது."

அந்த வசனத்தை நான் அன்றைக்கு விளங்காமல் கேட்டேன். இத்தனை வருடம் கண்டியில் எத்தனையோ கந்தோர்களில் எத்தனையோ கதிரைகளில் ஆள் மாறியதைப் பார்த்தபிறகு சொல்கிறேன், அந்த மனிதர் கெட்டிக்காரர்தான்.

அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்கு அவளை நல்ல ஞாபகம். நம் எல்லோரையும்போலப் பேசிக் காட்டுவாள். பெரியம்மா கோயிலுக்குப் போனதும் இடுப்பில் கை வைத்து, "ஓம் ஓம், வாறன் வாறன், உங்களுக்கு என்ன அவசரம்" என்று பெரியம்மாவின் குரலிலேயே சொல்லுவாள். நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அவளுடைய நாடியின் நடுவில் மிளகு அளவில் பச்சை குத்தியிருந்தது. தோட்டத்துக்கு வந்த குறத்தியிடம் அவளுடைய அம்மா குத்துவித்தது. கண் படாமல் இருக்கவாம்.

ஸ்டூடியோவுக்குப் போகும் நாள் காலையில் பெரியம்மா அவளைக் குளிக்க வார்த்து, சின்ன மாமி விட்டுவிட்டுப் போன நாவல் நிறப் பட்டைக் கட்டிவிட்டா. தன் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிப் போட்டா. பெரிய மாமி ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. ஏனென்றால் கலியாணம் பேசுகிற பெண்ணைவிட அந்தப் பிள்ளை வடிவாக இருந்தாள்.

"ஆடாமல் அசையாமல் இருக்கவேணும். பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாது" என்றா பெரியம்மா. "நல்ல பிள்ளையா இருந்தால் உனக்கும் ஒரு படம் தருவன்."

"நெசமாவாம்மா? எனக்கேவா? எங்கம்மாகிட்ட குடுக்கலாமா?"

"ஓம், குடு."

அவளுக்கு அதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை. பஸ்ஸில் கண்டி போய்ச் சேரும்வரை என் காதுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கும், லயத்து வரிசை வீடுகளில் உள்ள எல்லோரும் வந்து பார்ப்பார்கள், நம்பமாட்டார்கள்.

ஸ்டூடியோ ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்தது. யன்னலைத் திறந்தால் கண்டி வாவி தெரியும். அதற்கு முதுகைக் காட்டி நம்மை நிறுத்தி, துணியில் வரைந்த வேறொரு வாவியைப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் அன்னங்கள் இருந்தன. விளக்குச் சூட்டில் பவுடர் உருகிக் கழுத்தால் வடிந்தது. உள் அறையிலிருந்து மருந்துத் தண்ணீர் நெடி மூக்கில் ஏறியது. முன் வரிசையில் நாம் பிள்ளைகள் சப்பாணி கட்டி இருந்தோம். நமக்குப் பின்னால் மூன்று கதிரைகள். பெரியப்பா, பெரியம்மா, அந்தப் பிள்ளை. கலியாணப் பெண் நின்றால்தான் உயரம் தெரியும் என்று பெரிய மாமியை அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள்.

அந்தப் பிள்ளை கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். நம் வீட்டில் அவள் ஒருநாளும் கதிரையில் இருந்ததில்லை.

"நல்லாச் சாஞ்சு இருங்க, தங்கச்சி" என்றார் ஸ்டூடியோக்காரர். அவர் நம் வீட்டுக் கதை தெரியாதவர். அவளை மரியாதையாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

படம் எடுத்து முடிந்து மாடிப்படி இறங்கும்போதே பெரியம்மா சங்கிலியைக் கழற்றிவிட்டா. நாடிப் பொட்டை மட்டும் மறைக்க முடியவில்லை, பவுடருக்குள்ளாலும் தெரிந்தது. பெரியப்பா திரும்ப ஏறிப்போய் ஸ்டூடியோக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். படம் கைக்கு வந்தபோது நாடியில் பொட்டு இல்லை. மெல்லிய தூரிகையால் வெள்ளைச் சாயம் தொட்டு மூடியிருந்தார்கள். சரித்துப் பிடித்தால் மட்டும் அந்த இடம் கொஞ்சம் மினுங்கும்.

ஒரு பிரதி யாழ்ப்பாணம் போனது. பெரியது ஒன்று கண்ணாடி போட்டு ஹோலில் மாட்டப்பட்டது. அந்தப் பிள்ளை கூட்டும்போது அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். "எனக்குள்ளது எப்பம்மா வரும்?" என்று கேட்பாள். வரும் வரும் என்பா பெரியம்மா.

வந்தது மாப்பிள்ளை வீட்டார் நேரில் வருகிற செய்திதான். பெரியம்மா தலையில் கை வைத்தா. சுவரில் பட்டுக் கட்டிக் கதிரையில் இருக்கிறவள் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து நின்றால்? அடுத்த நாளே ஒரு பழைய சீலைப் பையில் அவளுடைய உடுப்பைப் போட்டு, நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஏன் போகச் சொல்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்லவில்லை. பஸ் யன்னலால் தலையை நீட்டி, "போட்டோவ மறந்துறாதீங்கம்மா!" என்று கத்தினாள்.

அந்தக் கிழமை முழுக்க மழை விடவே இல்லை. மகாவலி செம்மண் நிறத்தில் பாலத்தின் காலை உரசிக்கொண்டு போனது. நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தோட்டத்தில் மண் சரிந்து லயம் ஒன்றை மூடிவிட்டது என்று காலையில் ரொட்டி கொண்டுவருகிற பாண்காரன் வந்து சொன்னான். அவளுடைய தோட்டம்தான். அவள் லயத்துக்குள் இருந்தாள். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் தப்பிவிட்டா.

பெரியம்மா "ஐயோ பாவம்" என்றா. உண்மையாகவே கண் கலங்கியது. பிறகு, வேலைக்கு வேறு ஒரு பிள்ளை கிடைக்குமா என்று பாண்காரனிடமே கேட்டா.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வந்த நாள் மழை சற்று ஓய்ந்திருந்தது. ஹோலில் மேசைக்கு விரிப்பு, பயத்தம் பணியாரம், முறுக்கு, கதலி வாழைப்பழம். நமக்கு வாய் திறக்கக் கூடாது என்று கட்டளை. பெரியப்பா சுவரைக் காட்டி ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். "இவ கடைசித் தங்கச்சி. கொழும்பில ஹொஸ்டலில நிண்டு படிக்கிறா." மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவவும் நல்ல வடிவு" என்றா.

அப்போதுதான் படியில் அந்தப் பிள்ளையின் தாய் வந்து நின்றா. பிள்ளையை வேலைக்குக் கொண்டுவந்து விட்டபோது பார்த்திருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலையில் கூடைக் கயிறு அழுத்திய தழும்பு. வெறுங்கால் முழுக்கச் சேறு. கையில் ஒரு பொட்டலம் தேயிலைத்தூள், வெறுங்கையோடு வரக்கூடாது என்று கொண்டுவந்தது. பின் வளவு சேறாகிக் கிடந்ததால் முன்பக்கம் வந்துவிட்டா.

பெரியம்மா எழுந்து ஓடுவதற்கு முன்பே அவ சுவரைப் பார்த்துவிட்டா.

"அந்தா எம்புள்ள!"

அது அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். "அந்தா உக்காந்திருக்கா பாருங்க! சொன்னாளே, பட்டுக் கட்டிப் போட்டோ புடிச்சாங்கன்னு சொன்னாளே, நாந்தான் நம்பல... அம்மா, அந்தப் போட்டோ ஒண்ணு தர்றேன்னீங்களாமே? அதுக்குத்தான் வந்தேன். அவ மொகம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. ஒரு பூ வைக்கக்கூட ஒண்ணும் இல்ல."

மாப்பிள்ளையின் தாய் முறுக்கைத் தட்டில் வைத்தா. "என்ன சொல்லுறா இவ?"

வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள், விரட்டிக் கலைத்திருப்பார்கள். பெரியப்பா பதறவில்லை. சிரித்த முகத்தோடு எழுந்தார். "உள்ளுக்கு வா, அம்மா. பயப்படாமல் வா" என்றார். ஹோலுக்குள் அவ கால் வைத்தது அதுதான் முதல் தரம். சேறு படாமல் இருக்கக் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் வந்தா. பெரியப்பா சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, அவவுடைய முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லாப் பார். இது என்ர தங்கச்சி. உன்ர பிள்ளைக்கு என்ன அடையாளம்? சொல்லு."

"நாடியில பச்சப் பொட்டுங்க, ஐயா. நாந்தான் குத்தச் சொன்னேன்."

"இதில இருக்கோ?"

அவ சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு, ஒரு விரலால் கண்ணாடியின் மேல் அந்த நாடியைத் தொட்டா. நெடுநேரம் பார்த்தா. பெரியப்பா அவசரப்படுத்தவில்லை, படத்தை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க."

"அப்ப?"

"நாந்தான் தப்பாச் சொல்லிட்டேங்க. எம்புள்ள இம்புட்டு அழகு கெடையாதுங்க. மன்னிச்சுக்கங்க, ஐயா."

அவவுக்குத் தெரிந்தே சொன்னாவா, அல்லது பெற்ற பிள்ளையின் முகத்தையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டில் எது கொடுமை என்றும் தெரியாது. பெரியம்மா ஒரு பேப்பரில் பணியாரம் சுற்றிக் கையில் கொடுத்தா. அவ அதை வாங்கிக்கொண்டு, தேயிலைப் பொட்டலத்தைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனா. தரையில் நுனிக்கால் அடையாளங்கள் மட்டும் இருந்தன. வந்தவர்கள் எழும்ப முன் யாரோ அதையும் துடைத்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரியப்பாவை மெச்சினார். "வேறை ஆள் எண்டால் நாயைக் கலைக்கிற மாதிரிக் கலைச்சிருப்பான். நீங்கள் கூப்பிட்டு வைச்சு, ஒரு ஏழைக்கும் பொறுமையா விளங்கப்படுத்தினீங்கள். இப்பிடியான வீட்டில சம்பந்தம் செய்யக் குடுத்து வைச்சிருக்கவேணும்." அந்த இடத்திலேயே கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று அவர்களுக்குக் கொடுத்தது அந்த மனுசி கொண்டுவந்த தேயிலையில் போட்ட தேத்தண்ணீர். நல்ல சாயம் என்று மாப்பிள்ளையின் தாய் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தா.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கலியாணம் முடிந்து பெரிய மாமி அந்தப் படத்தையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனா. யாழ்ப்பாணம், கொழும்பு, கடைசியில் டொரொண்டோ. ஊர் ஊராக அது சுவரில் தொங்கியது. நீங்களும் பின்னால் போய்ச் சேர்ந்தீர்கள். போகிற வருகிற நேரமெல்லாம் அதைப் பார்த்தீர்கள். பார்த்துப் பார்த்தே அது உங்களுக்கு ஞாபகமாகிவிட்டது. உங்களில் மூத்தவருக்கு, பெரியப்பாவின் மூத்த மகனுக்கு, அன்றைக்கே மீசை அரும்பியிருந்தது. தேங்காய் துருவிய பிள்ளையை எனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் சின்ன மாமியின் மச்சத்தைத் தொட்டு விளையாடியதாக எழுதியிருப்பவர் அவர்தான்.

வெள்ளைச் சாயம் எத்தனை காலத்துக்கு நிற்கும்? எங்கோ ஒரு வீட்டுச் சுவரில் அது உதிர்ந்திருக்கிறது. பொட்டு வெளியே வந்திருக்கிறது. வரவேண்டிய நாளில் வராமல், கேட்டவள் செத்துப் போனபிறகு வந்திருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் மச்சம் என்றீர்கள்.

சின்ன மாமியை நான் வளர்ந்தபிறகு தேடிப் போனேன். நாவலப்பிட்டியில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு வீடு. பிள்ளைகள் இல்லை. புருசன் போனபிறகு தையல் மெசினோடு தனியாக இருந்தா. ஒரு தரம் நான் அந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். மாமி மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டா.

"தோட்டத்து மனுசனைக் கட்டினன் எண்டு என்னைத் தள்ளிவைச்சவை. பிறகு தோட்டத்துப் பிள்ளையையே என்ர கதிரையில இருத்தினவையோ?"

சிரித்தா. சிரித்துக்கொண்டே இருந்தா. பிறகு, "அந்தத் தாய் இருக்கிறாவோ? நான் போய்ப் பார்க்கவோ?" என்று கேட்டா. தேடிப் போனோம். தோட்டத்தில் விசாரித்தபோது, அந்த மனுசி செத்து நெடுங்காலம் என்றார்கள்.

போன மாதம் சின்ன மாமியும் போய்விட்டா. எரிக்கும்போது பக்கத்து வீட்டாரும் நானும்தான் நின்றோம். செய்தியை நான்தான் நம் குடும்பக் குழுவில் போட்டேன். அதற்குப் பிறகு உங்கள் வேகத்தைப் பார்க்க வேண்டுமே. உயிரோடு இருந்த இத்தனை வருடத்தில் ஒரு போன் எடுக்காதவர்கள், ஒரே நாளில் அறிவித்தல் தயாரித்துவிட்டீர்கள். அன்னார் இன்னாரின் பாசமிகு மகளும், இன்னாரின் அன்புச் சகோதரியும், இன்னார் இன்னாரின் அருமை மாமியும் என்று உங்கள் பேரப்பிள்ளைகளின் பெயர் வரை ஒன்று தவறவில்லை. மாமியின் புருசனுடைய பெயரைத் தவிர.

"அம்மாவில இருந்து செத்த எல்லாருக்கும் படம் போட்டனாங்கள், சின்னம்மாவுக்கும் போடவேணும். படம் இல்லாட்டி அறிவித்தல் முழுமை இல்லை" என்று எழுதினான் பெரிய மாமியின் மகன். அந்தப் படம் சுவரில் இல்லாவிட்டால் அவன் பிறந்தே இருக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியாது.

மறுநாள் அறிவித்தல் வந்தது, அந்த முகத்தோடு. நான் உடனே சின்ன மாமியின் உண்மையான படத்தை அனுப்பினேன். அடையாள அட்டைக்காக எடுத்தது, மாமியிடம் இருந்த ஒரே படம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நேராகப் பார்த்துக்கொண்டு.

உங்களில் ஒருவர் கேட்டார், "இது ஆர்?" என்று. நான் சொன்னேன். மூத்தவர் எழுதினார்:

"சின்ன மாமி இப்பிடி இருக்கமாட்டா. நீ வேறை ஆரின்ரையோ படத்தை மாறி அனுப்பிப்போட்டாய். மாமிக்கு நாடியில மச்சம் இருக்கு. இதில இருக்கோ?"

தகப்பனின் குரல் பிள்ளைக்கு எப்படித்தான் அப்படியே வருகிறது! நான் அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தேன். இல்லை என்றுதான் சொல்ல முடியும். சொன்னேன். சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

நேற்று மாமியின் முப்பத்தோராம் நாள் காரியம். டொரொண்டோவில் மண்டபம் எடுத்துச் செய்ததாகப் பெரிய மாமியின் மகன் படங்கள் அனுப்பியிருந்தான். மேடையில் அந்த முகம், ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து, நிறம் சேர்த்து, முன்னால் குத்துவிளக்கு. வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பூப் போடுகிறீர்கள். பெரிய ரோசா மாலை ஒன்று போட்டிருந்தீர்கள். நாடிப் பொட்டை மறைத்துவிடக் கூடாது என்று, யாரோ கவனமாக அதைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டியிருந்தார்கள்.